நிற்கும் காற்றாடியும் நடுங்கும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

மரம் ஓய்ந்திருக்க நினைத்தாலும் காற்று அதை விடுவதில்லை என்று பெரியவர்கள் கூறுவர். மரத்துக்கு மட்டுமா இந்த நிலை? எங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான காற்றாடிகளுக்கும் இதே கதைதான் என்பதைச் சென்ற ஆனி மாதத்தில் நான் தெரிந்துகொண்டேன். அதை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்பவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது முப்பந்தலில் இருபுறமும் காற்றாலைகள் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதில்போல் காற்றைத் தடுக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் அந்த மதிலில் வாசல்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வாசல்கள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. அதன்பின் முப்பந்தலும் கயத்தாறும் காற்றாலைகளால் நிறைந்தன.

என் சித்தப்பா காற்றாலைகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு கோபுரத்தின் உள்ளே ஏணியில் ஏறி, உச்சியிலுள்ள பெட்டிக்குள் சென்று வேலை செய்வார். காற்றுக்காலத்தில் அவர் வீடு திரும்பும்வரை சித்தி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மாலை பலத்த காற்று வீசியது. "சித்தப்பா, இவ்வளவு காற்றில் காற்றாடி வேகமாகச் சுழன்றால் ஆபத்து அல்லவா? நிறுத்திவிட்டால் பயமில்லையே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மக்களே, ஓடுத காத்தாடிய நெனச்சு நான் பயந்ததில்ல. நிக்கிற காத்தாடிதான் ஒறக்கத்தக் கெடுக்கும்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. நின்றுவிட்ட இயந்திரத்துக்கு என்ன கேடு வரும்? மறுநாளே எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அவர்களிடம் இதைக் கேட்டேன். "நல்ல கேள்வி. விடையை நீயே தேடி வா, தவறினால் நான் திருத்துகிறேன்" என்றார்கள். சித்தப்பா சொன்னவை, நூலகத்தில் படித்தவை, சிஸ்டர் திருத்தியவை யாவும் சேர்ந்ததே இனி வருவது.

காற்றாடி ஏன் நிறுத்தப்படுகிறது?

காற்றாலை எப்போதும் ஓடுவதில்லை. நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டருக்கும் குறைவாகக் காற்று வீசினால் அது மின்சாரம் தராது. நொடிக்குச் சுமார் 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால், பாதுகாப்புக்காக அது தானே நின்றுவிடும். பழுது பார்க்கவும் நிறுத்துவார்கள். மின்கம்பிகளில் கோளாறு ஏற்பட்டாலும் நிறுத்த வேண்டும். ஏனெனில் உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வழி இராது. புதிதாக நிறுவிய காற்றாலையும் மின்தொடர் கிடைக்கும்வரை காத்து நிற்கும்.

நிறுத்துவதற்கு முறை உண்டு. புதிய காற்றாலைகளில் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சில் திரும்பக்கூடியது. நிறுத்தும்போது இறக்கையை ஏறக்குறைய 90 பாகை திருப்பி, அதன் கூரிய விளிம்பு காற்றை நோக்கும்படி வைப்பார்கள். எதிர்க்காற்றில் குடையை அகலமாகப் பிடித்தால் அது நம்மையே இழுக்கும். மடக்கி நீட்டிப் பிடித்தால் காற்று விலகிச் செல்லும். அதைப் போன்றதே இது. பழைய சிறு காற்றாலைகள் பலவற்றில் இறக்கை முழுவதும் திரும்பாது. அவற்றில் நுனிப்பகுதி மட்டும் திரும்பித் தடையாக நிற்கும்.

இயல்பு அதிர்வெண் என்றால் என்ன?

உங்கள் அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையைத் தட்டிவிடுங்கள். அது தனக்கே உரிய ஒரு வேகத்தில் அதிரும். இன்னும் சற்று வெளியே நீட்டித் தட்டினால் அதிர்வு மெதுவாகும். ஒரு பொருள் நொடிக்கு இத்தனை முறை என்று தானாக அதிரும் அளவே அதன் இயல்பு அதிர்வெண். நீளம் கூடினால் அது குறையும்.

காற்றாலையின் இறக்கையும் ஒரு முனை இறுக்கப்பட்டு மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய அளவுகோல்தான். கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து இரண்டு ஓடுகளாக வார்த்து, விளிம்புகளை ஒட்டி அதைச் செய்கிறார்கள். அது இருவகையில் ஆடும். தட்டையான பக்கமாக முன்னும் பின்னும் ஆடுவது ஒன்று. விளிம்புப் பக்கமாக, கத்தியால் வெட்டுவதுபோல் ஆடுவது மற்றொன்று. நீண்ட இறக்கை விளிம்புப் பக்கமாக ஆடும்போது அதன் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியிருக்கும்.

ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் ஆட்டம் பெரிதாகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். நிற்கும் இறக்கையைக் காற்று இப்படிச் சரியான நேரத்தில் தள்ளுமா என்பதே இங்கே கேள்வி. தள்ளும். அது இரண்டு வழிகளில் நிகழ்கிறது.

முதல் வழி: சுழல்கள்

ஆற்றின் நடுவே நடப்பட்ட கம்பத்தின் பின்புறம் நீர் இடமும் வலமும் மாறி மாறிச் சுழித்துச் செல்வதைக் காணலாம். காற்றும் அவ்வாறே செய்யும். ஒவ்வொரு சுழல் பிரியும்போதும் கம்பம் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. கம்பி காற்றில் பாடுவது எப்படி என்று ஆராய்ந்த செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878இல் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். சுழல்கள் பிரியும் அதிர்வெண், காற்றின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, ஓர் எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். உருண்டைக் கம்பத்துக்கு அந்த எண் சுமார் 0.2. தட்டையான பக்கம் காற்றை எதிர்கொண்டால் சுமார் 0.15.

ஒரு கணக்கு போடுவோம். மின்தடையால் காற்றாலையின் தலை திரும்ப முடியாமல் நிற்கிறது. காற்றோ திசை மாறி, 3 மீட்டர் அகலமுள்ள இறக்கையின் தட்டையான பக்கத்தின்மேல் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. 20ஐ 3ஆல் வகுத்து 0.15ஆல் பெருக்கினால் விடை 1. அதாவது நொடிக்கு ஒருமுறை இறக்கை விளிம்புப் பக்கமாகத் தள்ளப்படுகிறது. இறக்கையின் இயல்பு அதிர்வெண்ணும் ஏறக்குறைய அதுவே! ஊஞ்சலுக்குத் தள்ளுபவர் கிடைத்துவிட்டார்.

இரண்டாம் வழி: ஆட்டமே ஆட்டத்தை வளர்ப்பது

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. சாதாரணமாக இறக்கை ஒரு பக்கம் நகர்ந்தால் காற்று அதை எதிர்த்துத் தள்ளும். ஆகவே ஆட்டம் அடங்கும். இதைக் காற்றின் தணிப்பு என்று சொல்லலாம். ஆனால் காற்று இறக்கையின்மேல் அளவுக்கு மீறிய சாய்கோணத்தில் படும்போது, அது பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுகிறது. அந்நிலையில் கோணம் கூடக் கூடத் தூக்குவிசை குறைகிறது. இதனால் இறக்கை நகரும் திசையிலேயே காற்றும் அதைத் தள்ளத் தொடங்குகிறது. அடக்க வேண்டியவரே தூண்டிவிட்டால் வீடு என்னாகும்? ஒவ்வோர் ஆட்டமும் அதற்கு முந்தியதைவிடப் பெரிதாகும்.

அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1940 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்ட அப்பாலம், அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில் முறுக்கி ஆடி விழுந்தது. மனிதர் எவரும் இறக்கவில்லை. காரில் விடப்பட்ட ஒரு நாய் மட்டும் மாண்டது. இதை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாகப் பலர் எழுதுவதுண்டு. ஆனால் பாலத்தின் ஆட்டமே காற்றிலிருந்து ஆற்றலை வாங்கித் தன்னை வளர்த்துக்கொண்டது என்பதே சரியான விளக்கம் என்று சிஸ்டர் திருத்தினார்கள்.

ஓடும் காற்றாடிக்கு இல்லாத ஆபத்து நிற்பதற்கு ஏன் என்பது இப்போது விளங்கும். ஓடும்போது இறக்கை காற்றை நல்ல கோணத்தில் வெட்டிச் செல்கிறது. தட்டையான பக்கத்து ஆட்டத்தைக் காற்றே வலுவாக அடக்குகிறது. காற்றாலையின் தலையும் காற்றின் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நின்றபின், அதுவும் மின்சாரம் இல்லாதபோது, தலை திரும்பாது. காற்றோ எந்தத் திசையிலிருந்தும் வரலாம். கண்ணாடி இழைக்குத் தானாக ஆட்டத்தை அடக்கும் ஆற்றல் மிகவும் குறைவு.

ஆட்டத்தால் வரும் கேடு

நொடிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளில் 86,400 ஆட்டங்கள். பத்து நாட்களில் 8,64,000. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல், இறக்கையின் பின்விளிம்பில் ஒட்டிய இடம் மெல்ல விரிசல் விடுகிறது. தரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சித்தப்பா பார்த்துக்கொள்ளும் காற்றாலைகளுள் ஒன்று, உதிரிப்பாகம் வந்து சேராததால் காற்றுக்காலத்தில் பல நாட்கள் நின்றது. ஒரு மாலை என்னை அழைத்துச் சென்று தூரத்திலிருந்து காட்டினார். வானத்தின் எதிரே அதன் நுனி மட்டும் நடுங்கியது. காய்ச்சல்காரரின் கை நடுங்குவது போலிருந்தது. இடையிடையே ஒரு முனகல் ஓசையும் கேட்டது. அன்று இளைஞர் ஒருவர், "அண்ணே, அரை மணி நேர வேலைதானே, ஏறி முடிச்சிருவோம்" என்றார். சித்தப்பா, "காத்து அடங்கட்டும். வேலை நாளைக்கும் இருக்கும், நீ இருக்கணும்லா?" என்று மறுத்துவிட்டார். காற்று தணிந்தபின் ஏறிப் பார்த்தபோது ஓர் இறக்கையின் பின்விளிம்பில் முழ நீளத்துக்கு விரிசல் கண்டிருந்தது. அன்று இரவு சித்தி எதுவும் பேசவில்லை. சித்தப்பாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

புயல் வந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். 2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாகோ தீவில் மேமி புயல் அடித்தபோது காற்றின் வேகம் நொடிக்கு 74 மீட்டரை எட்டியது. மின்சாரம் நின்றுபோனதால் காற்றாலைகள் காற்றுக்கு முகம் திருப்ப முடியவில்லை. சில அடியோடு சாய்ந்தன. சிலவற்றின் இறக்கைகள் முறிந்தன. அங்கே அதிர்வு மட்டுமன்றிக் காற்றின் நேரடி விசையும் காரணம். எனினும் நிற்கும் காற்றாலைக்கும் மின்சாரம் தேவை என்பது உலகுக்கு விளங்கியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் வீழ்ந்து ஊர்கள் இருளில் கிடந்ததை நம் பெற்றோர் மறக்கவில்லை. ஆகவே இது வேறு நாட்டுக் கதை மட்டுமல்ல.

அடக்கும் வழிகள்

1. கோணத்தை மாற்றுதல். ஆட்டம் சில கோணங்களில் மட்டுமே வளரும். ஆகவே மின்கலத்தையோ டீசல் மின்னாக்கியையோ தனியே வைத்து, மின்தடையின்போதும் காற்றாலையின் தலை காற்றின் திசைக்குத் திரும்பும்படி செய்யலாம். இறக்கையில் அதிர்வை அளக்கும் கருவி இருந்தால், ஆட்டம் தொடங்கியதும் இறக்கையைச் சில பாகை திருப்பி அந்தத் தீய கோணத்திலிருந்து தப்பலாம்.

2. பூட்டாமல் விடுதல். ஆள் உள்ளே வேலை செய்யும்போது சுழலாதபடி பூட்டியே ஆகவேண்டும். மற்ற நேரங்களில் இறக்கைகளை மடக்கிய நிலையில் மெல்லச் சுழலவிடுவது பெரும்பாலும் நல்லது. அப்போது காற்று படும் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால், ஆட்டம் வளர நேரம் கிடைப்பதில்லை.

3. சுழல்களைக் கலைத்தல். உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் திருகுபோல் சுற்றிச் செல்லும் தகடுகளைக் கண்டிருக்கலாம். 1950களில் இங்கிலாந்தின் ஸ்க்ரூட்டன் என்னும் அறிஞர் ஆராய்ந்து தந்த முறை அது. மேலும் கீழும் சுழல்கள் ஒரே நேரத்தில் பிரியாதபடி அது கலைத்துவிடுகிறது. இதே கருத்தைக் கொண்டு, நெடுநாள் நிற்கப்போகும் இறக்கையின் நுனிப்பகுதியில் வலையுறையையோ கயிற்றையோ சுற்றிவைத்து, ஓட்டும் முன் கழற்றிவிடும் முறைகள் வந்துள்ளன.

4. தணிப்பான் பொருத்துதல். ஆடும் பொருளோடு, அதே அதிர்வெண்ணில் ஆடக்கூடிய ஒரு சிறு எடையை இணைத்தால், அது ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் ஃபிராம் என்பவர் 1909இல் இதற்குக் காப்புரிமை கோரினார். தைவானில் 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101 கட்டடத்தில் இதற்காக 660 டன் எஃகு உருண்டை தொங்குகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்தை ஒட்டிச் சிறு இரட்டைக் குண்டுகள் தொங்குவதைப் பாருங்கள். 1920களில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைத்த தணிப்பான்கள் அவை.

இறக்கையினுள்ளும் இவ்வாறு எடையையோ நீர்மத்தையோ வைக்கலாம். ஆனால் ஓர் இடர் உண்டு. தணிப்பான் நுனியருகே இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். நுனியில் எடை கூடினாலோ சுழலும்போது இறக்கைக்குப் பாரம் கூடும். மேலும் சுழற்சியின் வேகம் எதையும் நுனியை நோக்கித் தள்ளும். அதனால் நிற்கும்போது ஒரு விதமாகவும் ஓடும்போது வேறு விதமாகவும் தணிப்பான் நடந்துகொள்ளும். இதனால்தான் பொறியாளர்கள் இவ்வழிகளுள் இரண்டு மூன்றைச் சேர்த்தே கையாள்கிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு நாற்காலிகளின் முதுகுகளுக்கிடையே ஒரு நூலைக் கட்டுங்கள். அதில் ஒரே நீளமுள்ள இரண்டு நூல்களில் இரண்டு சிறு குண்டுகளைத் தொங்கவிடுங்கள். ஒன்றை ஆட்டினால் சிறிது நேரத்தில் அது ஓய்ந்து மற்றது ஆடும். பின்பு மீண்டும் முதலாவது ஆடும். இப்போது இரண்டாம் குண்டின் அடிப்பகுதி மட்டும் நீரில் படும்படி அகலமான கிண்ணத்தை வையுங்கள். இரண்டாவது வாங்கிய ஆட்டத்தை நீர் தின்றுவிடுவதால், முதலாவது முன்பைவிட விரைவில் அடங்கும். இதுவே தணிப்பான். நூல்களின் நீளத்தை மாற்றினால் இது சரியாக நடக்காது. ஏன் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இனி வருவது

எங்கள் பகுதியில் பல காற்றாலைகள் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டன. பழையவற்றை மாற்றிப் பெரியவற்றை நிறுவவும், உள்ளவற்றைப் புதுப்பிக்கவும் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. இறக்கை நீளும்போது அதன் அதிர்வெண் குறையும். கடலில் நிறுவுவதற்காக நூறு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள இறக்கைகள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. நீளம் கூடக் கூட, நிற்கும் காற்றாடியைப் பற்றிய கவலையும் கூடும். சென்னையில் தேசிய காற்றாற்றல் நிறுவனமும் கயத்தாற்றில் அதன் சோதனை நிலையமும் உள்ளன. இவை நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் ஆய்வுக்கூடங்கள் அல்லவா? அங்கே வேலை செய்ய நம்முள் சிலரேனும் செல்ல வேண்டும்.

கட்டுரையை எழுதி முடித்துச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். "இதைத்தான் மக்களே, இத்தன வருசமா கால்ல உணர்ந்தேன். எழுதத் தெரியல" என்றார். ஏணியில் நிற்கும்போது கோபுரத்தின் நடுக்கம் பாதத்தில் தெரியுமாம். அந்த நடுக்கத்தை வைத்தே ஏறலாமா இறங்கலாமா என்று முடிவு செய்வாராம்.

நம் வீடுகளில் விளக்கெரியும்போது, அந்த ஒளிக்காக எங்கோ ஒருவர் காற்றில் ஏணி ஏறுகிறார் என்பதை நினைப்போம். அவர் பத்திரமாக இறங்கிவரக் கல்வி உதவுமானால், அக்கல்வியைக் கருத்தாய்க் கற்போம். காற்றை நாம் நிறுத்த முடியாது. அது எப்படித் தள்ளுகிறது என்பதை அறிந்துகொள்ள முடியும்.